கூரையைத் தரையோடு கட்டுவோம்

(தோட்டத்து மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் சேர்ந்து கூட்டிய கூட்டத்தில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)



மலையிலே வேலை முடிந்து வந்த களைப்போடு இவ்வளவு பேர் கூடியிருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்டது நம் தலைக்கு மேலே இருக்கிற கூரையைப் பற்றி.

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். அம்மி பறந்ததை நம்மில் யாரும் பார்த்ததில்லை. தகரம் பறந்ததைப் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டார்கள். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால், நடுராத்திரியில் பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுகிற குடும்பங்கள் எத்தனை! மறுநாள் நனைந்த அரிசி, நனைந்த கொப்பி, நனைந்த மெத்தை. கூரை போவதென்றால் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு ஒரே ராத்திரியில் போவதுதான்.

இதற்கு என்ன செய்யலாம் என்பதை, காற்றோடேயே வாழ்கிற ஒரு ஊரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தோம். அந்த ஊர் வேறெங்கும் இல்லை, யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிதான். நம்மில் பலர் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போய் வந்தவர்கள். பாலங்களைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து படகேறியிருப்பீர்கள். அந்தப் படகில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ள இரண்டு கை போதாது! அப்படிப்பட்ட காற்று.

நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, இவை எல்லாம் தட்டையான நிலம். நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. அங்கே மலை என்று சொல்ல ஒரு மேடு கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை சோளகக் காற்று, மாரி காலத்தில் வாடைக் காற்று, இரண்டும் கடலில் இருந்து நேரே வீட்டு வாசலுக்கு வரும். இடையிடையே புயலும் வரும். 1964 டிசம்பர் 22ஆம் தேதி வட இலங்கையைக் கடந்துபோன பெரும் புயலை அந்தப் பக்கத்து முதியவர்கள் இன்றும் மறக்கவில்லை. மன்னாரையும் யாழ்ப்பாணக் கரையையும் அடித்துவிட்டு அன்று நள்ளிரவில் அது தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனில் இருந்து வந்த ரயில் ஒன்று பயணிகளோடு கடல் அலைக்குப் பலியானது. தனுஷ்கோடி நமக்கு அந்நிய ஊர் அல்ல. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறி நம் பாட்டன் பாட்டி பலர் இந்த நாட்டுக்கு வந்த துறைமுகம் அது.

அப்படிப்பட்ட காற்று வரும் இடத்தில், பனை மரமும் பனை ஓலையும் கொண்டு கட்டிய வீடுகளில் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். எப்படி? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். காற்று கூரையை என்ன செய்கிறது? "தள்ளுது", "அமுக்குது" என்று நாம் நினைக்கிறோம். பெருங்காற்று கூரைக்கு மேலே வேகமாக ஓடும்போது அது கூரையை மேலே இழுக்கிறது. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை நினைத்துப் பாருங்கள். காற்று அடித்தால் படங்கு கீழே அமுங்குமா? மேலே தூக்கி முகத்தில் அடிக்கும். குடை உள்புறம் வெளியாகப் புரண்டு போவதும் இதனால்தான். கதவோ ஜன்னலோ திறந்து கிடந்தால் உள்ளே புகுந்த காற்று கீழே இருந்தும் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல், இரண்டும் சேர்ந்தால் கூரை கிளம்பிவிடும்.

இதில் ஒரு கணக்கு உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். எட்டு அடி நீளம், இரண்டரை அடி அகலமுள்ள ஒரு தகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை ஏழெட்டுக் கிலோ இருக்கும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் அந்தத் தகரத்தை 20 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான விசை மேலே இழுக்கலாம். 100 கிலோமீற்றர் வேகம் வந்தால் அது 90 கிலோ அளவுக்குப் போகும். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் இதைவிடக் கூடும்.

இப்போது நம் லயத்துக் கூரைகளைப் பாருங்கள். தகரத்துக்கு மேலே கல்லு, மண் மூட்டை, பழைய டயர். ஒரு தகரத்துக்கு ஐந்து கிலோ கல்லு நாலு வச்சிருக்கோம் என்று வையுங்கள். கல்லும் தகரமும் சேர்ந்து 28 கிலோ. 50 கிலோமீற்றர் காற்றை அது தாங்கிவிடுகிறது. அதனால் நமக்கு நம்பிக்கை வருகிறது. "போன வருஷம் தாங்குச்சு, இந்த வருஷமும் தாங்கும்" என்கிறோம். பெருங்காற்று வருகிற ஒரு நாளில் அந்தக் கணக்கு தவறிவிடும். தகரமும் போகும், கல்லும் உருண்டு கீழே படுத்திருக்கிற பிள்ளை மேலே விழும். கூரையைக் காப்பாற்ற வைத்த கல்லே உயிருக்கு ஆபத்தாகிறது.

தீவுப் பகுதிக்காரர்கள் பாரத்தை நம்பவில்லை, கட்டை நம்பினார்கள். அந்தப் பழைய ஓலை வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறோம்.

முதலாவது, மரம். முற்றின பனையில் வெளிப்புறம்தான் கறுத்து, இறுகி, வைரமாக இருக்கும். நடுப்பகுதி மெது. மரத்தை நீளவாக்கில் பிளந்து, மெதுவான உள்பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு, வைரத்தை மட்டும் கூரைக்கு எடுப்பார்கள். அதன் நார் நுனி முதல் அடி வரை நீளமாக ஓடுவதால், அது வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனை மரம் கூரை வேலைக்காகக் கப்பலேறி வெளியூர் போயிருக்கிறது.

இரண்டாவது, கட்டு. பனை மட்டையில் உரித்த நாரைத் தண்ணீரில் ஊற வைத்துக் கட்டுவார்கள். காய்ந்ததும் அது இறுகிப் பிடிக்கும். கடற்கரை உப்புக் காற்றில் இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடித்துப் போகும். நார் துருப்பிடிக்காது. அதோடு, ஆணி அடித்த இடம் அசையாமல் நின்று ஒரேயடியாகப் பிடுங்கிக்கொள்ளும். கட்டிய இடம் காற்றோடு கொஞ்சம் அசைந்து கொடுத்துத் திரும்பவும் நிலைக்கு வரும். ஓலை மரத்தோடு, மரம் வளையோடு, வளை தூணோடு, தூண் மண்ணுக்குள்ளே என்று மேலிருந்து கீழ் வரை ஒரே தொடராகக் கட்டு இறங்கும்.

மூன்றாவது, வடிவம். கூரை நாலு பக்கமும் சரிந்து, தாழ்வாரம் குனிந்து போகும் அளவுக்கு இறங்கி இருக்கும். நிமிர்ந்து நிற்கிற முக்கோணச் சுவர் இருந்தால் காற்று அதில் மோதும். நாலு பக்கச் சரிவில் எந்தத் திசைக் காற்றும் வழுக்கிக்கொண்டு போகும்.

நான்காவது, வேலி. வீட்டைச் சுற்றிப் பனையோலை வேலி, அப்புறம் வடலி, அதற்கப்பால் பனந்தோப்பு. நெடுந்தீவில் பவளப் பாறைக் கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கல்வேலிகளை இன்றைக்கும் பார்க்கலாம். அவை காணிக்கு எல்லையாகவும் இருக்கின்றன, தரையோடு வரும் காற்றின் வேகத்தைத் தணிக்கவும் உதவுகின்றன.

இது நம் தீவுகளில் மட்டும் உள்ள அறிவு அல்ல. ஜப்பானில் ஒக்கினாவாத் தீவுகளுக்கு அடிக்கடி புயல் வரும். அங்கேயும் பழைய வீடுகள் தாழ்ந்தவை, நாலு பக்கமும் சரிந்த கூரை, சுற்றிப் பவளக் கல் மதில், அதன் ஓரமாக நெருங்கி நட்ட மரங்கள். ஓட்டைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பூசிப் பிணைத்திருப்பார்கள். அதே நாட்டில் ஷிரகவாகோ என்ற மலைக் கிராமத்தின் உயரமான புல் கூரைகளில், மரங்களை வைக்கோல் கயிறாலும் முறுக்கிய மரக் கிளையாலும் கட்டியிருக்கிறார்கள். கடல் எது, மலை எது என்றாலும் காற்றோடு பழகியவர்கள் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

பணம் இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 1992 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தை ஆண்ட்ரூ என்ற சூறாவளி தாக்கியது. ஆயிரக்கணக்கான நல்ல வீடுகளின் கூரை போயிற்று. பிறகு சோதித்தபோது, பல இடங்களில் பலகைக்கு அடித்த ஆணி கீழே இருந்த மரத்தில் ஏறாமல் பக்கத்தில் தவறிப் போயிருந்தது தெரிய வந்தது. அதன் பிறகு அங்கே கட்டடச் சட்டத்தையே கடுமையாக்கினார்கள். நம் நாட்டிலும் 1978 நவம்பர் 23ஆம் தேதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, 1980இல் பெருங்காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்கான வழிகாட்டி ஒன்றை அரசாங்கம் வெளியிட்டது. நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, எங்கே எவ்வளவு பலம் வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது.

தீவுப் பகுதி இன்னொரு பாடமும் சொல்கிறது. 1990களின் தொடக்கத்தில் யுத்தத்தால் ஊர்காவற்றுறைப் பக்கத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். ஆள் இல்லாமல் கிடந்த வீடுகளில் முதலில் விழுந்தது கூரைதான். கல்லுச் சுவர் நின்றது, மேலே வானம் தெரிந்தது. ஓடு ஒன்று விலகி, மழை இறங்கி, மரம் உளுத்து, கறையான் ஏறி, கடைசியில் ஒரு காற்று போதுமாயிற்று. எவ்வளவு நல்ல மரம் ஆனாலும் வருஷா வருஷம் ஒரு கண் பார்க்காவிட்டால் நிற்காது. ஆள் இருந்த காலத்தில் மாரிக்கு முன்னே ஓலை மாற்றி, அறுந்த கட்டைத் திரும்பக் கட்டிவிடுவார்கள். அந்தப் பழக்கம்தான் கூரையைக் காப்பாற்றியது.

சரி, இனி நம் லயத்துக்கு வருவோம்.

நம் லயம் ஒற்றை லயமோ, இரட்டை லயமோ, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரே நீளக் கூரை. சில பழைய லயங்களில் காம்பராவுக்கு இடையே உள்ள சுவர் கூரை வரைக்கும் ஏறாது. ஒரு கோடியில் ஒரு தகரம் கழன்றால் காற்று உள்ளே புகுந்து வரிசையாக எல்லாக் காம்பராவையும் திறந்துவிடும். ஆகவே "என் காம்பரா நல்லா இருக்கு" என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. பக்கத்து வீட்டு ஆணியும் நம் ஆணிதான்.

கூரை என்பது ஒரு சங்கிலி. தகரம் ரீப்பையைப் பிடிக்கிறது. ரீப்பை கைமரத்தைப் பிடிக்கிறது. கைமரம் சுவர் மேலே படுத்திருக்கிற வளையைப் பிடிக்கிறது. வளை சுவரைப் பிடிக்கிறது. சுவர் தரையில் நிற்கிறது. சங்கிலியில் எந்த வளையம் பலவீனமோ அங்கேதான் அறும். தகரத்தை மட்டும் புது ஆணி போட்டு இறுக்கிவிட்டு மற்றதை விட்டால், தகரம் தனியாகப் போகாமல் ரீப்பையையும் கைமரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும்.

ஆகவே மேலிருந்து கீழாகப் பார்த்து வாருங்கள்.

தகரத்தில்: ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். வெறும் ஆணியைவிடத் திருகாணியோ, கொக்கி போல்ட்டோ நல்லது. கட்டாயம் வொஷர் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆணித் தலை தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கூரையின் நாலு ஓரத்திலும் முகட்டிலும் இரண்டு மேட்டுக்கு ஒரு ஆணி, நடுவே மூன்று மேட்டுக்கு ஒரு ஆணி. ஒரு தகரத்தின் விளிம்பு மற்றதன் மேல் ஏறும் பக்கம் காற்று வரும் திசையைப் பார்த்து இருக்கக் கூடாது.

ரீப்பையிலும் கைமரத்திலும்: ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ஆணி போதாது. தடித்த துருப்பிடிக்காத கம்பியாலோ இரும்புப் பட்டியாலோ சுற்றிக் கட்டுங்கள். தீவுக்காரர் நாரால் செய்ததை நாம் கம்பியால் செய்கிறோம், அவ்வளவுதான். சவுக்கு மரமோ யூகலிப்டஸோ வெட்டிய கையோடு பச்சையாகப் போட்டால், காய்ந்து சுருங்கும்போது ஆணி தளர்ந்துவிடும். நன்றாகக் காய்ந்த மரமே வேண்டும்.

சுவரில்: பெரும்பாலான கூரைகளில் வளை சுவர் மேலே சும்மா வைத்திருக்கிறது. இதுதான் மிகப் பலவீனமான இடம். வளையில் இருந்து ஒரு இரும்புப் பட்டியோ கம்பியோ சுவருக்குள் இரண்டு மூன்று அடியாவது கீழே இறங்கிப் பிடிக்க வேண்டும். அப்போது சுவரின் பாரம் முழுவதும் கூரைக்குத் துணை நிற்கும். கூரை மேல் வைத்த நாலு கல்லைவிட, சுவரில் இருக்கிற நூறு கல்லு நமக்குப் பலம்.

மரம் சுவரில் படுகிற இடத்தில் ஒரு கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கத்தி சுலபமாக இறங்கினால் அந்த மரம் உளுத்துவிட்டது என்று அர்த்தம். மழை ஒழுகும் இடமும் அதுவாகத்தான் இருக்கும்.

வாசல் பக்கம் இஸ்தோப்புக்கு நாமாகத் தகரம் நீட்டிப் போடுகிறோம். அதைப் பெரிய கூரையோடு சேர்த்துப் போட வேண்டாம். தனியாகக் காலூன்றிப் போடுங்கள். காற்று இஸ்தோப்பைக் கொண்டு போனாலும் வீட்டுக் கூரை தப்பிக்கும். தாழ்வாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம்.

ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தனி வீடு நம் கனவு, நல்லது. லயத்தில் பக்கத்துக் காம்பரா காற்றை மறைத்தது, தனி வீட்டுக்கு நாலு பக்கமும் காற்று. மலை மேட்டிலும் இரண்டு மலைக்கு நடுவே உள்ள வாய்க்காலிலும் காற்று இன்னும் வேகமாக வரும். முடிந்தால் நாலு பக்கச் சரிவுக் கூரை போடுங்கள். சுவர் கட்டும்போதே கூரையைப் பிடிக்கும் கம்பியைச் சுவருக்குள் வைத்துக் கட்டச் சொல்லி மேசனிடம் கேளுங்கள். கட்டி முடித்த பிறகு வைப்பது கஷ்டம். காற்று வரும் பக்கம் மரம் நடுங்கள், ஆனால் விழுந்தால் வீட்டைத் தொடாத தூரத்தில் நடுங்கள்.

இதையெல்லாம் யார் செய்வது, யார் செலவு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லயத்துக் கூரைக்குப் பொறுப்பு நிர்வாகத்துக்கு உண்டு. ஆனால் கூரை போன பிறகு கேட்டால் படங்கு மட்டும்தான் கிடைக்கும். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர் சேர்ந்து காம்பரா காம்பராவாகப் பாருங்கள். எந்தக் காம்பராவில் எத்தனை ஆணி இல்லை, எந்தக் கைமரம் உளுத்தது என்று கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கணக்கை எழுத்தில் துரையிடம் கொடுத்து, ஒரு பிரதியைச் சங்கத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். "கூரை சரியில்லை" என்று வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். "ஆறாம் நம்பர் லயம், மூணாவது காம்பரா, நாலு ஆணி, ஒரு கைமரம்" என்று எழுதிக் கொடுத்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆணி, வொஷர், கம்பி இவை புதுத் தகரத்தைவிட மலிவு என்பது நிர்வாகத்துக்கும் தெரியும்.

காற்று அடிக்கிற நேரத்தில் யாரும் கூரை மேல் ஏறக் கூடாது. இது கண்டிப்பு. தம்பிமாரே, தைரியம் காட்டுகிற இடம் அது அல்ல. கதவு ஜன்னலை அடைத்துத் தாழ்ப்பாள் போடுங்கள். மின்சாரக் கம்பி அறுந்து கிடந்தால் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூரையைக் கட்டுவது காற்றுக்கு மருந்து, மண்சரிவுக்கு மருந்து அல்ல. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நம் மலையகத்தில் பெரும்பாலான உயிரைக் கொண்டு போனது மண்ணும் தண்ணீரும்தான். தொடர்ந்து மழை பெய்து, நிலத்தில் வெடிப்பு கண்டால், மரம் சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கி வந்தால், கூரை எவ்வளவு உறுதியானாலும் வீட்டில் தங்காதீர்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் முதலில் அனுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அன்பார்ந்தவர்களே, தீவுப் பகுதி மக்களிடம் இரும்பு இல்லை, சீமெந்து இல்லை, பெரிய பணமும் இல்லை. இருந்தது ஒரு பனை, கொஞ்சம் நார், வருஷம் தவறாத கவனம். நமக்கு ஆணியும் கம்பியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வேண்டியது கவனம்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாள். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, காம்பராவுக்குள்ளே நின்று மேலே பாருங்கள். ஆணி ஓட்டையில் வெளிச்சம் தெரிகிற இடத்தை எண்ணுங்கள். எண்ணின கணக்கை எங்களிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து எழுதுவோம், சேர்ந்து கேட்போம், சேர்ந்து கட்டுவோம்.